கல் என்று சொன்னால்: சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஐந்து நாள்

நாள் 1: சேலம் நகரம்

சேலத்தில் ‘கல்லு வேணும்’ என்று மொட்டையாகச் சொல்லிப் பாருங்கள். ‘என்ன கல்லு?’ என்ற கேள்விதான் திரும்பி வரும். டிபன் கடைக்காரருக்கு அது தோசைக்கல். நகைக்கடையில் மூக்குத்திக் கல். கொத்தனாருக்குச் செங்கல். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சிறுநீரகக் கல். தோசைக்கல் வார்ப்பிரும்பு, செங்கல் சுட்ட மண். இரண்டிலும் கல் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்ஸ்டிக் வந்த பிறகும் அது தோசைக்கல்தான். வயதானவர்கள் ‘ரெண்டு கல் தூரம்’ என்றால் இரண்டு மைல். மைலுக்கு ஒன்றாகச் சாலையோரம் நட்ட கல், நட்டது போய் அளவாகவே மாறிவிட்டது.

இது போதாதென்று தமிழிலேயே இன்னொரு ‘கல்’ உண்டு. கற்க, கற்றான், கல்வி எல்லாம் அதன் பிள்ளைகள். ‘கல்லுதல்’ என்றால் தோண்டுதல் என்றும் பழைய பொருள் இருக்கிறது. தோண்டி எடுப்பதால்தான் கல்வி என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் படிக்கிற ‘கல்’லும் பாறைக் ‘கல்’லும் தனித்தனிப் பதிவுகள். ஒரே மொழிக்குள்ளேயே ஒலி ஒன்று, வேர் இரண்டு.

இந்த ஐந்து நாள் பயணம் அந்த மூன்று ஒலிகளைப் பின்தொடர்கிறது: க், அ, ல். தமிழில் கல் பாறை. எபிரேயத்தில் கல் என்றால் லேசானது. கொரிய மொழியில் கத்தி. இந்தியில் நேற்று, அல்லது நாளை. துருக்கியில் ‘இரு, தங்கு’ என்ற ஏவல். ஐந்தும் ஐந்து வெவ்வேறு மொழிக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் சேலம் சுற்றுவட்டாரத்தில் பொருத்தமான ஓர் இடம் இருக்கிறது. பொருத்தம் நாமாக ஏற்படுத்திக்கொண்டதுதான். வேர்ச்சொல் ஆதாரம் அல்ல. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைத்தான் வழிநெடுகப் பார்க்கப் போகிறோம்.

கிளம்புமுன் பயணச்சீட்டு விஷயம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு சேலம், ஓரிகானில் ஒரு சேலம் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் சேலத்தின் பெயர் விவிலியம் வழியாக வந்தது. அமைதியைக் குறிக்கும் ‘ஷாலோம்’ என்ற எபிரேயச் சொல்லோடு தொடர்புடையது. நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘சைலம்’ (மலை) என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து, சேரரோடு சேர்த்துச் சொல்வது இன்னொன்று. முதல் கருத்து சரியென்றால் ஊர்ப் பெயரே கல்லில்தான் போய் நிற்கும்: சிலை, சைலம் எல்லாம் பாறையைக் குறிக்கும் ‘சிலா’வின் வழி வந்தவை. அதெல்லாம் இருக்கட்டும். அறை பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரோடு தமிழ்நாடு என்று சேர்த்துத் தேடுங்கள். ரயிலுக்கு சேலம் ஜங்ஷனின் குறியீடு எஸ்.ஏ.

ஆங்கில எழுத்தில் ஊர் தேடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கல், கள், கால், காள் நான்கையும் ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி எழுதிவிடலாம். நாமக்கல், ஒகேனக்கல் இரண்டும் ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். நாமக்கல்லில் சுமார் 65 மீட்டர் உயர ஒற்றைப் பாறை ஊரின் நடுவே நிற்கிறது. ஒகேனக்கல்லில் ‘ஹொகே’ என்பது கன்னடத்தில் புகை. நீர்த்துளி புகைபோல எழும் பாறை. இங்கே கன்னடமும் தமிழும் ‘கல்’லில் ஒத்துப்போவது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரு தாய் மக்கள்.

மாலையில் அம்மி, ஆட்டுக்கல் விற்கும் இடத்துக்குப் போனால் கல்லைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். கருங்கல் அம்மியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, அடியில் குச்சி கொடுத்து, ஐந்து ரூபாய்க் காசால் தட்டுங்கள். ‘டிங்’ என்று நீண்டு ஒலித்தால் உள்விரிசல் இல்லை. ‘டொக்’ என்று அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. விலை குறைத்தாலும் வேண்டாம். தரையில் முழுசாகப் படிந்திருக்கும் கல்லைத் தட்டினால் நல்ல கல்லும் ‘டொக்’ என்றுதான் சொல்லும். அதனால்தான் குச்சி. வாங்கிய கல்லை உடனே சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஊறவைத்த அரிசியை ஒரு கைப்பிடி போட்டு அரைத்து வழித்துக் கொட்டவேண்டும். மூன்று நான்கு முறை செய்து, மாவை விரலிடையில் தேய்த்து நறநறப்பு போய்விட்டதா என்று பார்த்த பிறகே தேங்காய் வைக்கலாம். வழவழப்பாகிவிட்டால் உளி வைத்துக் கொத்தவேண்டும். கொத்திய பிறகு மறுபடியும் அரிசி.

இந்தத் தட்டிப் பார்க்கும் வேலை ஐந்தாம் நாள் ஏற்காட்டில் பெரிய அளவில் வரும்.

நாள் 2: வெள்ளைக்கல்

சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர்ப் பக்கம் போகும் ரயிலில் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று ஒரு நிலையம் வரும். கல்லின் பெயரிலேயே ஸ்டேஷன். அதையொட்டி, சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்ற மேடுகள். ஊர்க்காரர்கள் சொல்வது வெள்ளைக்கல். வெள்ளக்கல்பட்டி என்று ஊரே உண்டு. ஆங்கிலேயர் இதைச் சுண்ணாம்புக் கட்டி மலை என்ற பொருளில் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதிவைத்தார்கள். வெள்ளையாக இருந்ததால் வந்த வினை. இங்கே சாக் கிடையாது. அது கால்சியம் கார்பனேட். இது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் மிகுந்த கரும்பச்சைப் பாறைக்குள் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, விரிசல் விரிசலாக இந்த வெள்ளை நரம்புகளை உண்டாக்கிவிட்டது. உடைந்த பக்கத்தைப் பார்த்தால் பீங்கான் கோப்பை உடைந்த மாதிரி வழவழவென்று வளைந்திருக்கும், படிகம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே புசுபுசுவென்று நுரைக்கும். வெள்ளைக்கல் சும்மா கிடக்கும். பொடி செய்தாலோ அமிலத்தைச் சூடாக்கினாலோதான் நுரைக்கும். அமிலம் கையில் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும், ஆனால் சுண்ணாம்புக்கல்லிலேயே நுரை மெல்லத்தான் வரும்; காது பக்கத்தில் வைத்துக் கேட்கவேண்டும். அடிக்கடி நேரும் தவறு: கல்லின் மேல் சாலைப் புழுதி ஒட்டியிருக்கும், அதில் இருக்கிற சுண்ணாம்பு நுரைத்து ஏமாற்றிவிடும். புதிதாக உடைத்த பக்கத்தில்தான் சொட்டு விடவேண்டும்.

சுரங்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் போகமுடியாது, போகவும் கூடாது. வெடி வைக்கும் இடங்கள், சரியும் மண்மேடுகள். சாலையிலிருந்தே போதுமான அளவு தெரியும். காற்று அடிக்கும் நாளில் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள்.

இப்போது எபிரேயக் ‘கல்’. லேசானது, சுலபமானது என்று பொருள். எபிரேய இலக்கணத்தில் வினைச்சொல்லின் முன்னொட்டு, இரட்டிப்பு எதுவும் சேராத எளிய வடிவத்துக்கே ‘கல்’ என்றுதான் பெயர். ‘கல் வஹோமெர்’ என்று ஒரு வாதமுறையும் இருக்கிறது. லேசானதற்கே இப்படியென்றால் கனமானதற்கு எப்படி என்று கேட்பது; ‘சும்மா ஆடுகிறவனுக்குச் சலங்கையும் கட்டினால்’ என்று நாம் கேட்பதற்குப் பக்கத்து வீடு. கல் என்றால் கனம் என்று பழகிய நம் காதுக்கு இது தலைகீழ்.

அந்தத் தலைகீழை வெள்ளைக்கல் சூளையில் செய்து காட்டுகிறது. மெக்னீசியம் கார்பனேட்டைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மெக்னீசியா மட்டும் மிஞ்சும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் கையில் வருவது சுமார் 48 கிலோ. பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். எஃகு உலைகளுக்கு உட்பூச்சாகவும் செங்கல்லாகவும் போடுவதற்கு 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டு இறுக்கவேண்டும்; குறைந்த சூட்டில் சுட்டது ஈரத்தை உறிஞ்சிப் பொரிந்துவிடும். கல்லில் சிலிக்கா அதிகம் இருந்தால் உலைச் சூட்டில் செங்கல் இளகும். அதனால் ஏற்றுமுன் கையாலேயே பொறுக்கித் தரம் பிரிப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

எபிரேயத்தில் முதல் ஒலி நம் ‘க’ அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து ‘குஃப்’, பழைய உச்சரிப்பில் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. இன்றைய இஸ்ரேலியப் பேச்சில்தான் அது சாதாரணக் ‘க’ ஆகிவிட்டது. வெள்ளையாகத் தெரிவதை அமிலம் பிரித்துக் காட்டுவதுபோல, பழைய உச்சரிப்பைத் தேடிப்போனால் இந்தச் சொற்கள் பிரிய ஆரம்பிக்கும்.

நாள் 3: கஞ்சமலை

சேலத்திலிருந்து இளம்பிள்ளை போகும் வழியில் சித்தர் கோயில். அதற்குப் பின்னால் எழுவது கஞ்சமலை. காந்த இரும்புத் தாதும் படிகக்கல்லும் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும் மலை இது. கையில் ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது போதும். ஓடைப் படுகையில் கரிய மணலில் வைத்து எடுத்தால் மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். காந்தத்தை நேரடியாக மணலில் வைத்தால் துகளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, எனவே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த சிவப்புக் கல் ஒட்டாது. அது தாது இல்லை என்று பொருளல்ல, காந்தத்தன்மை உள்ள வடிவம் இல்லை என்றுதான் பொருள்.

சேலத்து இரும்புத் தாதை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் பரங்கிப்பேட்டையில் உலை நடத்தினார். அதற்கும் முன்பே இந்த வட்டாரத்தில் மண் உலையும் துருத்தியும் வைத்து இரும்பு காய்ச்சியிருக்கிறார்கள். அடிவாரத்தில் இருக்கும் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகு செய்கிறது. ஆனால் அது இந்த மலைத் தாதை உருக்குவதில்லை. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இரும்பு மலையில் கத்தியைப் பற்றிப் பேசலாம். கொரிய மொழியில் ‘கல்’ கத்தி. ‘கல்குக்சு’ என்று கொரிய உணவகங்களில் ஒரு நூடுல்ஸ் சூப் இருக்கும்: பிசைந்த மாவைத் தேய்த்து மடித்துக் கத்தியால் நறுக்குவதால் அந்தப் பெயர். இயந்திரத்தில் பிழிந்தால் அது கல்குக்சு ஆகாது.

இங்கேதான் தமிழ் ஆர்வலர்கள் வழுக்குகிறார்கள். கற்காலத்தில் கத்தியைக் கல்லில்தானே செய்தார்கள், அப்படியானால் கொரியக் ‘கல்’ நம் ‘கல்’தான் என்று வாதம் சூடுபிடிக்கும். கேட்க அழகு. நான்கு கேள்வி கேட்டால் கரைந்துவிடும்.

முதலாவது, பழைய வடிவம் என்ன? நடுக்காலக் கொரியத்தில் அந்தச் சொல்லின் முதல் ஒலி மூச்சுக்காற்று இல்லாத ‘க’. கடைசியில் ஒரு ‘ஹ்’ ஒட்டியிருந்தது. காற்று வெடிக்கும் இன்றைய ஒலி பின்னால் வந்தது. பழைய வடிவத்தின் எச்சம் ஒரு மீன் பெயரில் இருக்கிறது: ‘கல்ச்சி’. நம் கடற்கரையில் சாவாளை என்கிற, பட்டையாக வெள்ளியாய் மின்னும் அதே மீன். அவர்களுக்கும் அது கத்தி மீன்.

இரண்டாவது, அந்த மொழியில் கல்லுக்கு என்ன சொல்? ‘தொல்’. தொல்காப்பியத்தின் தொல் அல்ல, வெறும் பாறாங்கல்.

மூன்றாவதுதான் கழுத்தை நெரிக்கிற கேள்வி: மற்ற அடிப்படைச் சொற்களிலும் இதே ஒலி இதே ஒலிக்கு ஈடாக வருகிறதா? கொரியத்தில் கண் ‘நுன்’, கை ‘சொன்’, நீர் ‘முல்’, தீ ‘புல்’. தமிழ்க் ‘க’வுக்கு ஒரு சொல்லில் க, ஒன்றில் ந, இன்னொன்றில் ச. ஒழுங்கே இல்லை. ஒழுங்கு இல்லாத இடத்தில் உறவைத் தேட முடியாது.

நான்காவது, கடன் வாங்கியிருக்க வழி உண்டா? கப்பல், வணிகம், சமயம் வழியாகச் சொல் போகலாம். ஆனால் அப்படிப் போவது பெரும்பாலும் பொருளோடு போகும்: காபி, பஸ். கத்தி என்ற கருவி இல்லாமல் ஒரு சமூகம் இன்னொன்றின் வருகைக்காகக் காத்திருந்திருக்காது.

‘அப்பா’ இரண்டு மொழியிலும் அப்பாதானே என்று அடுத்த அம்பு வரும். கைக்குழந்தை வாயில் முதலில் வருவது ப, ம, அ. அதைத் தாய் தந்தை தங்களுக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கிவிட்டார். ஜார்ஜியா நாட்டு மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தெதா’. அதை வைத்து முறைப்பெண் கேட்டுப் போகமுடியாது.

எண்ணிக்கைக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடிய மெய் 15, நடுவில் உயிர் 5, இறுதியில் மெய் 10 என்று வைத்துக்கொண்டால் 750 ஓரசை வடிவங்கள். ஒரு மொழியில் அப்படிப்பட்ட சொற்கள் 200 இருந்தால், எந்த ஒரு வடிவமும் ஏதாவது ஒரு பொருளோடு இருக்க நான்கில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. இருபது மொழி தேடினால் ஐந்தில் கிடைக்கவேண்டும். க, அ, ல் மூன்றும் உலக மொழிகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் ஒலிகள், அதனால் கூடவே கிடைக்கும். கல், கத்தி, மலை, கூர்மை, கடினம் எல்லாம் ஒன்றுதான் என்று பொருளையும் தளர்த்திக்கொண்டால் கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

உச்சரிப்புக் குறிப்பு: கொரியரிடம் நம் கல்லைச் சொன்னால் கத்தி என்று அவர் காதில் விழாது. அவர்கள் ‘க’வில் காற்று வெடித்து வரும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்துண்டைப் பிடித்துச் சொல்லுங்கள். காகிதம் ஆடினால் கத்தி. தமிழ்க் கல்லுக்கு ஆடாது. அவர்கள் அதைத் தங்கள் இறுக்கமான ‘க்க’வாக எடுத்துக்கொள்வார்கள்.

நாள் 4: மலையேற்றம்

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500. சுமார் 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவு, எண் போட்டிருக்கும். கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். கீழே 34 என்றால் மேலே 26 சுற்றி எதிர்பார்க்கலாம். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் காது அடைப்பதும் ஒரே காரணத்தால்தான்: மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு: மேலே ஏறிய கியரிலேயே கீழே இறங்கவேண்டும். நியூட்ரலில் உருட்டுகிறவர்களுக்குத்தான் பிரேக் கருகல் வாசனை வரும். வந்துவிட்டால் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிஸ்க் வளைந்துவிடும். வளைவில் ஏறி வருகிற வண்டிக்கே முதல் வழி.

சாலையோரக் கற்களை எண்ணிக்கொண்டே போகும்போது இந்திக் ‘கல்’ பொருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதற்கும் முன்பின் இரண்டு பக்கமும் தூரம். நேற்றும் கல், நாளையும் கல். விடியலைக் குறிக்கும் ‘கல்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. எந்த விடியல் என்பதை வினைச்சொல் காட்டும். ‘கல் ஆயா’ என்றால் நேற்று வந்தான், ‘கல் ஆயேகா’ என்றால் நாளை வருவான். ‘பர்ஸோ’வும் அப்படியே, முந்தாநாளும் நாளை மறுநாளும் அதுதான். குஜராத்தியிலும் இந்த வழக்கு இருக்கிறது. மராத்தியில் ‘கால்’ நேற்று மட்டும், நாளைக்கு ‘உத்யா’.

கட்டடம் கட்டுகிற இடத்தில் இது வெறும் வேடிக்கை இல்லை. மேஸ்திரி ‘கல் எடுத்துட்டு வா’ என்றால், புதிதாக வந்திருக்கும் வடநாட்டு ஆள் நாளைக்கு எதையோ எடுத்துவரச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு தலையாட்டிவிட்டு நிற்பார். செங்கல்லுக்கு ‘ஈண்ட்’, கருங்கல்லுக்கு ‘பத்தர்’ என்று சொல்லிக்கொடுங்கள். ‘த’வில் காற்று சேர்க்கவேண்டும்; இல்லையென்றால் நம் ஊரில் நகை செய்யும் பத்தர் வந்து நிற்பார். சரக்கு வரும் நாள் குறித்துப் பேசும்போது ‘கல்’லை விட்டுவிட்டுத் தேதியை எண்ணாகவே சொல்லிவிடுவது ஒன்றே பாதுகாப்பு.

ஸ்வீடிஷ் மொழியிலும் ‘கல்’ இருக்கிறது, கொஞ்சம் நீட்டி: மொட்டை, வழுக்கை. இந்தியும் ஸ்வீடிஷும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஆனாலும் இரண்டு ‘கல்’லுக்கும் வேர் வேறு. குடும்பம் ஒன்று என்பதாலேயே ஒத்து ஒலிக்கும் சொல் உறவாகிவிடாது என்பதற்குக் கைக்கு அடக்கமான சாட்சி.

இரவு தங்கப்போகும் ஊருக்கு வந்துவிட்டோம், துருக்கிக் ‘கல்’ போதும் இன்றைக்கு: இரு, தங்கு. விட்டுப் போகிறவர் இருப்பவரைப் பார்த்துச் சொல்வது ‘ஹோஷ்ச்சா கல்’, நலமாக இரு. இருப்பவர் ‘குலே குலே’ என்று அனுப்பிவைப்பார். ‘போயிட்டு வர்றேன்’, ‘சரி, போயிட்டு வாங்க’ மாதிரிதான், யார் எதைச் சொல்வது என்பது மாறக்கூடாது. இந்த வினைச்சொல் கி.பி. 8ஆம் நூற்றாண்டின் ஓர்கோன் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. மங்கோலியப் புல்வெளியில், கல்லில்.

நாள் 5: ஏற்காடு, சேர்வராயன் மலை

ஏற்காடு என்பது ஏரியும் காடும் சேர்ந்தது என்பார்கள். கீழே சமவெளியில் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் மரவள்ளிக்கிழங்குத் தோட்டத்துக்குப் போகிறார் என்று பொருள்; மேலே அதே சொல் மிளகுக்கொடி படர்ந்த காபித் தோட்டத்தையோ உண்மையான காட்டையோ குறிக்கும். இந்த மலைகளில் வாழும் மலையாளிகளுக்கும் கேரள மலையாளிகளுக்கும் பெயர் ஒன்று. இவர்கள் பேசுவது தமிழ். வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து மலையாளத்தில் பேசிப் பார்ப்பது இன்னும் நடக்கிறது.

காலையில் முதல் வேலையாகத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போங்கள். உள்ளே மணிப் பாறை இருக்கிறது. சின்னக் கல்லால் தட்டினால் உலோகம்போல ஒலிக்கும். முதல் நாள் அம்மிக்குக் குச்சி கொடுத்த அதே காரணம்தான்: பாறையில் விரிசல் குறைவு, தரையில் சில இடங்களில் மட்டும் படிந்திருக்கிறது, அதிர்வை மண் விழுங்குவதில்லை. ஒரே பாறையில் இடத்துக்கு இடம் ஒலி மாறுவதையும் கேட்கலாம். ஓங்கி அடிக்கவேண்டாம், வருகிறவர்கள் எல்லாரும் அடித்து அடித்துத் தழும்பு விழுந்துவிட்டது.

பகோடா பாயின்ட்டில் அடுக்குக் கல்லையும் கீழே கிடக்கும் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு மேல் மூடுபனி விலகியதும் சேர்வராயன் கோயிலுக்கு ஏறுங்கள். உச்சி 1,600 மீட்டருக்குச் சற்று மேல். குகைக்குள்தான் சாமி. குனிந்து போகவேண்டும், தரை ஈரமாக வழுக்கும், ரப்பர் செருப்பை வெளியே கழற்றுவதே நல்லது. மேல் பரப்பு சமதளமாக, புல்லும் செம்மண்ணுமாக இருக்கும். அந்தச் செம்மண்ணில் கொப்புளம் கொப்புளமாகக் கிடக்கும் லேசான கல் பாக்சைட். மேட்டூரில் அலுமினியம் செய்யப் போனது இந்த மலைக் கல்தான். மழையும் வெயிலும் பல இலட்சம் ஆண்டு கழுவிக் கழுவி, சிலிக்காவை எல்லாம் கரைத்துவிட்டு அலுமினியத்தை மட்டும் மேலே விட்டுவைத்திருக்கிறது.

அதற்குக் கீழே மலை முழுக்கச் சார்னோக்கைட். நீலங்கலந்த கருமை, உடைத்த பக்கம் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது; அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறை வகைக்கே சார்னாக் பெயரைச் சூட்டினார். நடுகல்லுக்கு நேர் எதிர் வேலை. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படி சொல்கிறது: கல்லைத் தேடிப் பிடித்து, நீராட்டி, நட்டு, அதில் வீரன் பெயரைப் பொறிப்பது. இங்கே மனிதன் பெயரைக் கல் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எல்லாம் தற்செயல் என்று நான்கு நாள் சொல்லிவிட்டு, உண்மையான உறவு எப்படி இருக்கும் என்று காட்டாமல் இறங்கக்கூடாது. பலூசிஸ்தானில் பிராகூயி என்று ஒரு மொழி பேசுகிறார்கள். அங்கே பாறைக்கு ‘ஃகல்’. முதல் ஒலி தொண்டையில் உரசிக்கொண்டு, நம் ‘க’வுக்கும் ‘ஹ’வுக்கும் நடுவில் வரும். கொரியக் கத்தியைவிட நம் கல்லிலிருந்து ஒலி சற்று விலகித்தான் இருக்கிறது. ஆனால் அதே மொழியில் கண்ணுக்கு ‘ஃகன்’. காதுக்கு ‘ஃகஃப்’: தமிழில் செவி, கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் அந்த ‘க’ பின்னால் ‘ச’ ஆகியிருக்கிறது. மூன்று அடிப்படைச் சொல், மூன்றிலும் பழைய ‘க’ ஒரே மாதிரி ‘ஃக’ ஆகியிருக்கிறது. பொருளை இழுத்து வளைக்கவும் தேவையில்லை: கல் கல்தான், கண் கண்தான்.

இதே ஒழுங்கை வேறு குடும்பத்திலும் பார்க்கலாம். பின்னிஷ் மொழியில் மீன் ‘கல’, ஹங்கேரியத்தில் ‘ஹல்’. பின்னிஷில் மூன்று ‘கோல்மெ’, ஹங்கேரியத்தில் ‘ஹாரொம்’. க போய் ஹ, மறுபடியும் க போய் ஹ. பின்னிஷில் கல்லுக்கு என்ன என்று தேடினீர்களானால் ‘கிவி’ என்று வரும். கன்னடக்காரருக்கு அது காது. மறுபடியும் தொடங்காதீர்கள்.

இறங்குவதற்குக் குப்பனூர் வழி. வண்டி குறைவு, சாலை குறுகல், அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும். மாலை ஐந்துக்கு மேல் பனி இறங்கினால் வந்த வழியே திரும்புவது மேல். கனமழை பெய்த மறுநாள் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். மேட்டிலிருந்து மண்ணோடு பாறை உருண்டு வரும். வளைவில் வட இந்திய லாரி எதுவும் நின்றிருந்தால், ஓட்டுநரிடம் ‘பத்தர்’ என்று மேலே கையைக் காட்டுங்கள். ‘கல் விழும்’ என்று சொன்னால், நாளைக்குத்தானே என்று அங்கேயே சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிடுவார்.